லைன் வீட்டுக் கூரைகள் வெள்ளையான கோடை

எனக்கு வெயில் பிடிக்காது. புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள் பேசுகிற பேச்சா இது என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஆனால் ஒரு கோடையில் நான் வெயிலோடு மல்லுக்கு நின்றேன். நான் மட்டும் இல்லை, வாய்க்கால் ஓரத்து லைன் வீடு மொத்தமும் நின்றது. ஜெயித்தது யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நாங்கள்தான்.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். டவுனுக்குள் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பது, வீடு வீடாகப் போய் விசாரிப்பது என்று வேலை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் பங்குனி முடிவதற்குள்ளேயே வெயில் கேஸ்கள் வர ஆரம்பித்துவிட்டன. வேர்க்குரு புண்ணாகிப்போன குழந்தைகள், நீர்க்கடுப்பு என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த பெண்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்கும்போது தலைசுற்றி விழுந்த ஆண்கள். கத்திரி தொடங்க இன்னும் நாள் இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். குளுகுளு ஹாலில் உட்கார்ந்து பனிமலை உடைந்து கடலில் விழுவதைப் பார்த்தோம். ஒரு பனிக்கரடி மிதக்கும் பனிக்கட்டி மேல் தனியாக நின்றது. பருவநிலை மாறுகிறது, பூமி சூடாகிறது, ஒவ்வொருவரும் உங்கள் பகுதிக் குடும்பங்களை உட்காரவைத்து இதைப் புரியவைக்க வேண்டும் என்றார்கள். கடைசியில், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, கூரைக்கு வெள்ளை அடித்தால் வீட்டுக்குள் சூடு குறையும் என்று ஒருவர் அவசரமாக ஒரு வார்த்தை சொன்னார். பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். நான் காதில் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது தார் ரோட்டின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது. பனிக்கரடியைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று பேசுவது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

பேச நான் தேர்ந்தெடுத்த இடம் லைன் வீடு. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி வரிசையாக நிற்கும் ஒற்றை அறை வீடுகள். எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் நிற சிமென்ட் ஷீட்டு. முன்னால் ஒரு பொதுக் குழாய். மதியத்துக்கு மேல் அந்த அறைகளில் மனுஷர் உட்கார முடியாது. சாயங்காலம் வரிசையின் நிழல் முன்பக்கம் விழுந்ததும் பெண்களை அங்கே கூப்பிட்டு உட்காரவைத்தேன். கரடியைப் பேச்சிலேயே எடுக்கவில்லை. "நம்ம ஊர் வெயில் முன்ன மாதிரியா இருக்குது?" என்று மட்டும் கேட்டேன். அதன் பிறகு எனக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை.

"முன்னெல்லாம் சோறு வடிக்கிற நேரத்துக்கு கடல்காத்து வந்துடும் நர்சம்மா. இப்ப சாப்புட்டு ஏனம் கழுவி கவுத்தாலும் ஒரு இலை ஆடல."

"அரைச்சு வச்ச மாவு விடியறதுக்குள்ள புளிச்சு பொங்கி வழியுது."

"பகல்ல சுட்டா பரவால்ல. ராவுலயும் சூடு எறங்க மாட்டேங்குதே, அதுக்கு இன்னா சொல்றீங்க?"

கடைசியாகக் கேட்டவள் வரிசையின் நடுவீட்டுப் பெண். இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கணக்குப்படி கத்திரியில்தான் பிரசவம். அவள் புருஷனுக்கு மில்லில் நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் தூங்க வேண்டியவன், அந்த ஷீட்டுக்கு அடியில் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டுகொண்டிருப்பான். தூக்கமில்லாத கண்ணோடு மெஷினுக்கு முன்னால் போய் நிற்பான். அவளுக்கு அது பெரிய பயம்.

நான் சொன்னேன். "நிலக்கரி, பெட்ரோல், டீசல்னு எரிக்கிறோம் இல்ல? அந்தப் புகை மேல போய் பூமிக்கு ஒரு போர்வை மாதிரி ஆயிடுது. வெயில் உள்ள வந்துடுது, சூடு வெளிய போக மாட்டேங்குது. வருஷா வருஷம் போர்வை கனமாயிக்கிட்டே போவுது."

"போத்துனது யாரு?" என்றாள் அவள்.

"காரும் ஃபேக்டரியும் ஏசியும் வச்சிருக்கிறவங்க ரொம்ப. நாம கொஞ்சம்."

"அவங்க போத்துவாங்க, நாங்க வேவணுமா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் கோபம் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மயங்கி விழுகிறவளைவிடக் கோபப்படுகிறவளோடு சேர்ந்து வேலை செய்வது சுலபம்.

"போர்வைய நாம மட்டும் எடுத்துட முடியாது. ஆனா தலைக்கு மேல இருக்குற ஷீட்டு நம்ம கையில இருக்குது. அதுக்கு வெள்ளை அடிச்சிப் பாக்கலாம்" என்றேன்.

அவள் கையைத் தட்டினாள். "ஷீட்டு எங்க நம்ம கையில இருக்குது? அது சொல்தா கையில இல்ல இருக்குது!"

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். லைன் வீடு மொத்தமும் அப்படி ஒரு சொல்தாவுக்குச் சொந்தம். வரிசையின் தலைமாட்டில், தளம் போட்ட மெத்தை வீட்டில் அவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். முகத்துக்கு நேரே அவரை எல்லோரும் முசியே என்றும் அந்த அம்மாவை மதாம் என்றும் கூப்பிடுவார்கள். எழுபதைத் தாண்டியும் விறைப்பான நடை. வீட்டுக்குள் இருந்தாலும் இஸ்திரி போட்ட சட்டை. மறுநாளே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"சுண்ணாம்பு செவுத்துக்கு அடிக்கிறது. கூரைக்கு அடிச்சா எவன் பாக்கப்போறான்?"

"பாக்குறதுக்கு இல்ல முசியே, வெயிலுக்கு."

"வெயில்!" என்று நாற்காலியில் நிமிர்ந்தார். "நான் பாலைவனத்துல பட்டாளத்தோட கெடந்தவன். இதெல்லாம் ஒரு வெயிலா? மேல ஆளு ஏறுனா ஷீட்டு உடையும். பா பொசீப்ல். முடியாது."

மதாம் எனக்கு எலுமிச்சம்பழச் சர்பத் கொண்டுவந்தார். முடியாது என்று சொன்ன வீட்டில் சர்பத் கொடுத்தால் அதைக் குடித்து முடிக்கும்வரை பேசலாம் என்பது வீடு வீடாகப் போகிறவர்களுக்குத் தெரிந்த சட்டம். நான் மெதுவாகக் குடித்தேன். "அவ்ளோ வெயில்ல அந்த ஊர் ஜனங்க எப்படி முசியே குடியிருந்தாங்க?" என்று கேட்டேன்.

பழைய கதை என்றால் அவருக்கு முகமே மாறிவிடும். கையை விரித்து விரித்துச் சொன்னார். கனமான சுவர், சின்னச் சின்ன ஜன்னல், நடுவில் முற்றம். "ஊரே வெள்ளை வெளேர்னு இருக்கும். தூரத்துலேருந்து வரும்போதே கண்ணு கூசும். வருஷா வருஷம் பொம்பளைங்க புள்ளைங்க எல்லாம் சேர்ந்து செவுரு, கூரை, மாடம் ஒண்ணு விடாம வெள்ளை அடிப்பாங்க. உள்ள போனா ஜில்லுனு..."

நிறுத்திவிட்டார். விரித்த கை அப்படியே நின்றது. முதலில் சிரித்தது மதாம்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சிரிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் செய்த மிகக் கஷ்டமான வேலை அதுதான்.

"ஒரே ஒரு வீடு" என்றார் முசியே கடைசியில். "ஷீட்டு உடஞ்சா நீதான் புதுசு போட்டுத் தரணும்."

"தர்றேன் முசியே."

நடுவீட்டைத்தான் எடுத்துக்கொண்டோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிவந்து டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அடுப்பே இல்லாமல் கொதித்தது. யார் கண்ணிலும் தெறித்துவிடக் கூடாது என்று எல்லோரையும் விரட்டித் தள்ளி நிற்கவைத்தேன். ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குச் சோற்றுக் கஞ்சியும் உப்பும் சேர்த்துக் கலக்கினார்கள். ஷீட்டைச் சுரண்டக் கூடாது, அந்தத் தூசு நெஞ்சுக்கு ஆகாது, தண்ணீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மில் வேலை முடிந்து வந்த புருஷன் தூங்கப் போகாமல் ஏணியைச் சாய்த்தான். ஷீட்டின் மேல் பலகையைக் குறுக்கே போட்டு, அதன்மேல் குந்தி, மூங்கில் கழியில் கட்டிய மட்டையால் அடிக்க ஆரம்பித்தான். பெண்கள் கீழேயிருந்து வாளி வாளியாகத் தூக்கிக் கொடுத்தார்கள்.

முசியே நாற்காலியைத் தெருவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். "பலகை மேல கால வை! பலகை மேல! ஷீட்டுல வைக்காதே!" என்று ஒரு படையையே நடத்துகிற மாதிரி சத்தம். ஒரு தடவை மேலே 'மடக்' என்று கேட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். உடைந்தது மூங்கில் கழி. எனக்குப் போன உயிர் வந்தது.

அடித்து முடித்துப் பார்த்தால் கூரை வெள்ளையாகவே இல்லை. தண்ணீரில் நனைந்த சாம்பல் மாதிரி இருந்தது. "இதுக்கா இவ்ளோ பாடு?" என்று யாரோ சொன்னார்கள். முசியே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும். வெயில் ஏற ஏற, எங்கள் கண் முன்னாலேயே, ஓரத்திலிருந்து தொடங்கி அந்தக் கூரை மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது. உச்சிப்பொழுதில் அது வெயிலைத் திருப்பி எங்கள் முகத்திலேயே அடித்தது. யாராலும் நேராகப் பார்க்க முடியவில்லை. பெண்கள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு "அடேங்கப்பா!" என்றார்கள். இரண்டாவது பூச்சை அவர்களாகவே கேட்டு வாங்கி அடித்தார்கள்.

மறுநாள் மதியம் சோதனை. எங்கள் நிலையத்துச் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். அதை நடுவீட்டிலும் பக்கத்து வீட்டிலும் மாற்றி மாற்றி மாட்டலாம் என்று எண்ணம். அதற்குள் முசியே பிரான்சிலிருந்து கொண்டுவந்த தன் சொந்தத் தெர்மாமீட்டரோடு வந்து நின்றார். மரச்சட்டம் போட்டது, மேலே ஒரு சேவல் படம். "கவர்மென்ட் சாமான நம்ப முடியாது" என்றார். சரி என்று ஒன்றை இந்த வீட்டிலும் ஒன்றை அந்த வீட்டிலும் மாட்டினோம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வெள்ளைக் கூரை வீட்டில் கோடு நன்றாகவே கீழே நின்றது. முசியே இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். மறுபடி காத்திருந்தோம். மறுபடியும் வெள்ளைக் கூரைதான்.

அதற்குமேல் தெர்மாமீட்டர் யாருக்கும் தேவைப்படவில்லை. நிறைமாதக்காரி கட்டில் மேல் ஏறி நின்று ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தொட்டாள். முந்தின வாரம் தொட்டிருந்தால் கை வெந்திருக்கும். "அடியே, சுடல! கைய வச்சிப் பாருங்கடி!" என்று கத்தினாள். அவளைக் கீழே இறக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒருத்தி மாற்றி ஒருத்தி கட்டிலில் ஏறித் தொட்டுப் பார்த்தார்கள்.

முசியே சேவல் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். விடிந்ததும் லைன் வீட்டு வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. "பட்டாளத்துல பாதியில நிறுத்துற பழக்கம் கெடையாது" என்றார். அந்த வாரத்திலேயே மொத்த வரிசையும் வெள்ளையானது.

கத்திரி பிறந்தது. குழந்தையும் பிறந்தது, பெண். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் பார்க்கப் போனேன். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. பிள்ளை பெற்றவள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது. கூடமாட ஒத்தாசைக்கு அரியாங்குப்பத்திலிருந்து வந்திருந்த அவள் அம்மா என்னை மறித்தார். "பச்ச ஒடம்புக்காரி. காத்து பட்டா ஜன்னி வந்துடும். தண்ணியும் அளவாத்தான் குடுக்குறேன்."

கூரையை வெளுத்துவிட்டு ஜன்னலைச் சாத்திவைத்தால் என்ன பிரயோஜனம்? ஆனால் சத்தம் போட்டால் அந்த அம்மா இன்னும் இறுக்கிச் சாத்துவார் என்று தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க பொண்ணு பொறந்தது எந்த மாசம்மா?"

"கார்த்திகையில. அடைமழை."

"அப்ப சாத்துனது சரிதான். சாத்தலன்னாதான் தப்பு. இப்ப கத்திரி. அதுவும் உங்க காலத்து கத்திரி இல்ல. வேத்து ஊத்துது பாருங்க. ஒடம்புல இருக்குற தண்ணியெல்லாம் இப்படிப் போயிட்டா பாலு எங்கேருந்து ஊறும்?"

அவர் மகளைப் பார்த்தார். குழந்தை பால் போதாமல் சிணுங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறந்தார். கொஞ்சம் நின்று, அடுத்ததையும் திறந்தார். பிறகு பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு மகளிடம் நீட்டினார். அவள் மூச்சு விடாமல் குடித்தாள். "இன்னும் குடு" என்றாள்.

அந்தக் கத்திரியின் உச்ச நாளை இப்போது நினைத்தாலும் தொண்டை வறள்கிறது. காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லை. எங்கள் நிலையத்தில் எல்லாக் கட்டிலிலும் ஆட்கள், எல்லோருக்கும் குளுக்கோஸ். பக்கத்துத் தெருக்களிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு மனசெல்லாம் அந்தக் குழந்தை மேல். மதியம் கொஞ்சம் ஓய்ந்ததும் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு லைன் வீட்டுக்கு ஓடினேன்.

நடுவீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே திருவிழாக் கூட்டம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்களெல்லாம் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அரியாங்குப்பத்து அம்மா மோர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தூளியில் குழந்தை ஆழ்ந்து தூங்கியது. மூலையில் அதன் அப்பன், அத்தனை சத்தத்துக்கும் நடுவில், வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். "முந்தாநேத்து தூக்கத்துல ஷிஃப்டுக்கே லேட்டு நர்சம்மா" என்றாள் அவன் பெண்டாட்டி, அதுவும் ஒரு பெருமை என்பது போல.

வாசல் நிழலில் நாற்காலி போட்டு முசியே.

"இன்னா முசியே, நீங்க இங்க?"

"இன்ஸ்பெக்ஷன்" என்றார்.

"காலையிலேருந்து இன்ஸ்பெக்ஷன்தான்" என்றாள் உள்ளேயிருந்து அவள். "மதாமும் இங்கதான் இன்ஸ்பெக்ஷன் பண்றாங்க." எட்டிப் பார்த்தேன். மதாம் பாயில் ஒருக்களித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மெத்தை வீட்டுத் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து உள்ளே கக்குகிறது என்று பிறகு மதாமே சொன்னார். முசியே தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்துக் கேட்டார்.

"மெத்தைக்கும் அடிக்கலாமா?"

அன்று முழுக்க லைன் வீட்டிலிருந்து ஒருவர்கூட எங்கள் நிலையத்துக்கு நோயாளியாக வரவில்லை. சாயங்காலம் கடைசிக் கட்டிலும் காலியான பிறகு வெளிக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். எனக்கு விசில் அடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன்.

அதற்குப் பிறகு வேலை எங்களைத் தேடி வந்தது. முதலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பிறகு மார்க்கெட் பின்பக்கத்து ஷீட்டு வீடுகள். மூலக்குளத்து மகளிர் குழுவினர் எங்களைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை, நடுவீட்டுப் பெண்ணைப் பேசச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மைக்கைத் தள்ளிவிட்டு, குழாயடியில் பேசுகிற குரலிலேயே பேசினாள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். கூட்டத்தில் காலேஜில் படிக்கிற ஒரு பெண் எழுந்து, "இதனால பூமிச் சூடு குறைஞ்சிடுமா?" என்று கேட்டாளாம்.

"குறையாது. போர்வைய எடுக்க நாம எல்லாரும் சேர்ந்து கத்தணும். கத்துறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும் இல்ல? அதுக்குத்தான் இது" என்றாளாம் இவள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று என்றார்கள். அந்தப் பயிற்சி ஹாலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஐப்பசி மழை வந்து சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. அடுத்த பங்குனி பிறந்ததும், எல்லோருக்கும் ஞாபகப்படுத்த வேண்டும் என்று காலையிலேயே கிளம்பி லைன் வீட்டுக்குப் போனேன். கூரைகள் ஏற்கெனவே பளபளத்தன. மெத்தை வீட்டுத் தளமும்தான். வாசலில் ஒரு டெம்போ நின்றது. டிரம்மும் ஏணியும் மட்டைகளும் ஏறியிருந்தன. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் முசியே, இஸ்திரி போட்ட சட்டையோடு.

"எங்க கெளம்பிட்டீங்க எல்லாரும்?"

"ஆத்துக்கு அந்தாண்ட நர்சம்மா" என்றாள் நடுவீட்டுப் பெண். "அம்மா வீட்டுத் தெரு முழுக்க அடிக்கணுமாம். சொல்லி அனுப்பியிருக்காங்க. நீங்களும் வாங்க!"

எனக்காக நகர்ந்து பார்த்தார்கள், இடுக்கிப் பார்த்தார்கள். இடம் இல்லை. டெம்போ புறப்பட்டுப் போய்விட்டது. நான் அடுத்த பஸ் பிடித்து அரியாங்குப்பம் போனேன்.